நாதனைக் கொன்றது கத்தரிக்காய் அல்ல

புஜைரா துறைமுகத்தில், கடல்நீர் புகுந்து கெட்டுப்போன ஒரு சரக்கைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த காலையில் செய்தி வந்தது. நம் நண்பர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் முந்தைய நாள் ஏற்றிய எரிமலைப் படங்களுக்குக் கீழே இரண்டு வாக்கியங்கள்: "நம் நாதன் சார் நேற்று மாலை கட்டானியாவில் காலமானார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை."

முதல் வாக்கியத்தை நான் நம்பவில்லை. புறப்படுவதற்கு முன்பு விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்து, லீவு போடத் தெரியாதவன் என்று திட்டிவிட்டுப் போன மனிதர் அவர். நனைந்த மூட்டைகளுக்கு நடுவே நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் நின்ற கப்பல் அதிகாரி ஏதோ கேட்டார். நானும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றும் நினைவில்லை. இரண்டாவது வாக்கியம் அப்போது என் மனத்தில் பதியவே இல்லை. பதிந்த நாளிலிருந்து அதை நான் மன்னிக்கவில்லை.

இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் ஒரு வேண்டுகோளும் வைத்தார்கள். "சிசிலியில எங்க நல்லாச் சாப்பிடலாம்னு சார் சொல்லிக்கிட்டே இருப்பாரே, அதையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த வருஷம் போறவங்களுக்கு யூஸ் ஆகும்." சேர்த்தே எழுதுகிறேன். நாதன் அங்கே எங்கே சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை யாராவது ஒருவர் வரிசையாக எழுதியாக வேண்டும். சேதத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது என் தொழில். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்பது எனக்குப் பழக்கம்.

அவரைக் குழுவில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சில வரிகள். சிதம்பரநாதன் திருநெல்வேலிக்காரர். இளமையில் எண்ணெய்க் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தார். அவருடைய கப்பல்கள் சிசிலியின் அகுஸ்தா துறைமுகத்துக்கு அடிக்கடி போகும். பழுது பார்க்க நின்றால் வாரக்கணக்கில் நிற்கும். அந்த வாரங்களில் தீவு முழுக்கத் தின்று திரிந்தவர் அவர். பிறகு கரையேறி, புஜைராவில் கப்பல்களுக்கு ஏற்றும் எரிபொருளை அளந்து சான்று தரும் சர்வேயரானார். வீடு துபாயில், அல் குசைஸில். ஒரே கப்பலில் அவர் ஒரு வேலையாகவும் நான் ஒரு வேலையாகவும் ஏறிய நாளில் தொடங்கிய நட்பு எங்களுடையது. சைவக் குடும்பத்தில் பிறந்து கப்பலில் மீன் பழகியவர். அதை மறைத்ததும் இல்லை, அதில் பெருமை கொண்டதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் பலேர்மோவுக்குப் போனோம். அங்குள்ள பழைய சந்தையில் பனெல்லே என்றொரு பலகாரம் விற்பார்கள். கடலைமாவைக் கூழாகக் காய்ச்சி, பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அதைத் தின்னாமல் திரும்பினால் என் முகத்தில் விழிக்காதீர் என்று நாதன் சொல்லி அனுப்பியிருந்தார். சந்தையில் நான்கைந்து கடைகள் இருந்தன. எதில் வாங்குவது என்று தெரியாமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"போர்டைப் பாக்காதேயும். போனை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் புடியும்."

"என்ன சார் விளையாடுறீங்களா?"

"புடியும்ங்கேன்!"

பிடித்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் மனைவி என்னைத் தெரியாதவர் போல இரண்டு கடை தள்ளிப் போய் ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம்ஹும். முன்னமே பொரிச்சு அடுக்கினதுக்குச் சூடு காட்டுதான். அடுத்த கடைக்குப் போவும்."

அடுத்த கடையிலும் அதே தீர்ப்பு. மூன்றாவது கடையில் சட்டியருகே போனை நீட்டியதும் துபாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஆ! இது பச்சை மாவு விழுத சத்தம். வாங்கும் வே. எலுமிச்சம்பழம் புழிஞ்சு தரச் சொல்லும். சாஸ் கேட்டீருன்னா நான் போனை வச்சிருவேன்."

அன்று நாங்கள் தின்றதைப் போன்ற ஒன்றை அதன்பின் நான் தின்றதில்லை. நீங்கள் கேட்ட குறிப்புகளில் இது முதலாவது. மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேவாலயச் சதுக்கத்தில் மெனு அட்டையில் படம் போட்டு, வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடைக்குள் நுழையக் கூடாது. காலையில் பாதாம் கிரானீட்டா என்ற பனிக்கூழும் அதனுடன் தரும் பன்னும் போதும். ஓட்டல் பஃபேயில் ஆறிய முட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டாம். கன்னோலி என்ற இனிப்புக் குழலை, நீங்கள் கேட்ட பிறகு உங்கள் கண்ணெதிரே பால்கட்டி அடைத்துத் தருகிறவரிடம் மட்டும் வாங்க வேண்டும். மதியச் சமையல் முடிந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இருட்டிய பிறகுதான் மறுபடி மூட்டுவார்கள். நடுவில் பசித்தால் அது நம் தவறு. மேற்குக் கரையில் திராப்பானிக்குப் போனால் மீன்சாறு ஊற்றிய குஸ்குஸ் என்ற கோதுமை ரவைச் சோறு சாப்பிட வேண்டும். மீன் தொடாதவர்கள் கட்டானியாவில் இறங்கி, பொரித்த கத்தரிக்காயும் தக்காளியும் உப்புப் பால்கட்டியும் சேர்ந்த பாஸ்தாவைக் கேட்க வேண்டும்.

கத்தரிக்காயைப் பற்றி அவருக்கு ஒரு பேச்சு உண்டு. நீங்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்ததுதான். "நம்ம பக்கத்துல காய்ச்சது வே அது. அரபிக்காரன் கையில ஏறி, சிசிலியில போயி இறங்கி, இன்னைக்கு அந்த ஊர்க்காரனாவே ஆயிட்டு. கத்தரிக்காய்க்குக் குடியுரிமை கெடச்சிட்டு. நமக்குத்தான் இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க விசா."

நம் குழுவின் இந்த ஆண்டுச் சிசிலிப் பயணத்துக்கான கூட்டம் அவர் வீட்டில்தான் நடந்தது. பயண ஒருங்கிணைப்பாளரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் அறிவீர்கள். அவரும் இதைப் படிப்பார். ஏழு இரவும் இந்தியச் சாப்பாடு ஏற்பாடாகிவிட்டது என்று அவர் அறிவித்ததும் அறையில் கைதட்டல் எழுந்தது. நாதன் மட்டும் கை தட்டவில்லை.

"அப்பம், கட்டானியாவுல இறங்கி நம்ம துபாய் கராமா ஓட்டல் சாப்பாட்டையே சாப்பிடணும்ங்கீரு."

"சார், லேடீஸ் இருக்காங்க, பெரியவங்க இருக்காங்க. வயித்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"அந்த ஊர்லயும் லேடீஸ் இருக்காங்க, பெரியவங்க இருக்காங்க. எல்லாரும் அதைத்தானய்யா தின்னுட்டு இருக்காங்க?"

"உங்களுக்குக் கப்பல் வயிறு சார். எங்களுக்கு அப்படியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாதனும் சிரித்தார். பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் தன்னையும் மனைவியையும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். "ராத்திரி உம்ம பனீரைத் தின்னுக்கிடுதேன். மத்தியானம் எங்களைத் தேடாதேயும்."

மனைவி கோமதியை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவது என்பது நாதனைப் பொறுத்தவரை சிறிய காரியம் அல்ல. கோமதி ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. மணமான நாளிலிருந்து வெளியில் சாப்பிட்டதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் புளிக்காய்ச்சலும் சிறிய குக்கரும் அவருடன் போகும். கணவர் கடைத்தெருவில் சாப்பிட்டு வரும்வரை ஓட்டல் அறையில் சோறு வடித்துக் காத்திருப்பார். ஒருமுறை நான், "ஒருநாளாவது கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகக் கூடாதா?" என்று நாதனிடம் கேட்டேன். "சாப்பாட்டுல கட்டாயம் இருக்கக் கூடாது வே. அவளுக்கா ஒருநாள் தோணும். அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

கட்டானியாவில் அந்த நாள் வந்தது. "இன்னைக்கு நானும் வாரேன்" என்று கோமதி தாமாகவே சொன்னார். மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், சில மேசைகள் மட்டுமே போட்ட ஒரு கடையில் இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் சந்துகளில் சுற்றி நடந்து, சாயங்காலம், மலைமேலுள்ள மண்டபத்தில் இரவுச் சாப்பாட்டுக்காக மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்த பேருந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன்பின் நடந்ததைப் பேருந்தில் இருந்தவர்கள் மூவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே கதையைச் சொன்னார்கள். மறைக்க வேண்டிய எதையும் செய்துவிட்டதாக அவர்களில் ஒருவரும் நினைக்கவில்லை. என்னை இன்றுவரை உறையவைப்பது அதுதான். "நாங்க எவ்வளவோ பார்த்துக்கிட்டோம் சார்" என்றே ஒவ்வொருவரும் தொடங்கினார்கள்.

நாதன் இருக்கையில் உட்கார்ந்ததும் வியர்த்துக் கொட்டியது. நெஞ்சை ஏதோ அமுக்குகிறது என்றார். இடது தோளும் தாடையும் வலிக்கிறது என்றார். ஒருங்கிணைப்பாளர் எழுந்து வந்தார்.

"மத்தியானம் என்ன சார் சாப்பிட்டீங்க?"

கோமதிதான் பதில் சொன்னார். கத்தரிக்காய் போட்ட பாஸ்தா என்று.

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. "போச்சு, போங்க! கத்தரிக்காய், சீஸு, அவ்வளவு எண்ணெய். வாயு புடிக்காம என்ன பண்ணும்?" உடனே பைகள் திறந்தன. ஒருவர் ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் இஞ்சி மரப்பா கொடுத்தார். ஒருவர் முதுகைத் தேய்த்துவிட்டார். "எந்திரிச்சு நாலு தடவை நடங்க சார், ஒரு ஏப்பம் வந்தா எல்லாம் சரியாயிடும்." நடக்கவே கூடாத ஒரு மனிதரைப் பேருந்தின் நடைவழியில் முன்னும் பின்னும் நடக்கவைத்தார்கள். அன்போடுதான் நடக்கவைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

இந்தத் தவறை வேறு யார் விஷயத்திலும் அவர்கள் செய்திருக்க மாட்டார்கள். அந்தப் பேருந்தில் எஞ்சினியர்கள் இருந்தார்கள், கணக்காயர்கள் இருந்தார்கள், வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். நெஞ்சுவலி என்று ஓர் அந்நியர் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். கத்தரிக்காய் என்ற சொல் காதில் விழுந்ததும் படித்த படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் அவர்கள் முன்பே எச்சரித்திருந்த காரணம். அதற்கு மேல் யாருக்கும் யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

பேருந்தில் ஒரே ஒருவர் வேறு விதமாக நினைத்தார். ஓட்டுநர். அந்த ஊர்க்காரர். கண்ணாடியில் நாதனின் முகத்தைப் பார்த்தவர் வண்டியை ஓரம் கட்டி, எழுந்து வந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, வந்த வழியே கை நீட்டினார். சற்று முன்பு ஒரு மருத்துவமனையைக் கடந்துதான் வந்திருந்தார்கள். கோமதி எழுந்து நின்று, "ஆஸ்பத்திரிக்கே போயிருவோமே" என்றார்.

"மேடம், பயப்படாதீங்க. இந்த ஊர் ஆஸ்பத்திரியில உள்ள போனா ராத்திரி முழுக்க உக்கார வச்சிடுவாங்க. நாப்பது பேருக்கு டின்னர் சொல்லியாச்சு, லேட் ஆனா ஹாலைக் கொடுத்துடுவான்." பிறகு ஒருங்கிணைப்பாளர் ஓட்டுநரின் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லை, வயிறுதான், போகலாம் என்று சைகை காட்டினார். ஓட்டுநர் இன்னொரு முறை நாதனைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். வண்டி மலையேறியது.

நாதன் கோமதியின் தோளில் சாய்ந்துகொண்டார். தூங்குகிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இந்தியச் சாப்பாடு காத்திருந்த மண்டபத்தின் வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் கீழே நகரத்திலிருந்து ஏறி வர வேண்டியிருந்தது.

அன்று மண்டபத்தில் என்ன பரிமாறினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பனீர் பட்டர் மசாலா என்று ஒருவர் தாமாகவே சொன்னார்.

மருத்துவமனையில் மருத்துவர் கோமதியிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பல காலமாகக் குறுகி வந்திருக்க வேண்டும். உணவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிறகு, வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். கோமதி சொன்னார். அந்தப் பெண் மருத்துவர் அடுத்த கேள்வி எதையும் கேட்காமல் கோமதியின் கையைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

மருத்துவர் சொன்னதைக் கோமதி ஒருமுறைதான் கேட்டார். நீங்கள் சொன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறார். திருநெல்வேலியில் காரியங்களை முடித்துவிட்டு, வீட்டைக் காலி செய்வதற்காக அவர் அல் குசைஸ் திரும்பியதும் ஒவ்வொரு குடும்பமாகத் துக்கம் விசாரிக்கப் போனீர்கள். போன ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் அந்தச் சாப்பாட்டைக் குறிப்பிட்டீர்கள். குழுவில் வந்த செய்தி கனடாவிலிருக்கும் அவர்கள் மகள் மீனாவையும் எட்டியது. "அப்பாவை அவ்வளவு சாப்பிட ஏம்மா விட்ட?" என்று அவள் தாயைக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து கோமதி தயிர்ச்சோற்றைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

அவரைப் பார்க்க நான் போயிருந்தபோது ஒருங்கிணைப்பாளரும் வந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் விதி மேடம். ஆனா சார் அந்தக் கத்தரிக்காயை மட்டும் சாப்பிடாம இருந்திருந்தா..."

"டாக்டர் என்ன சொன்னாரென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"டாக்டருங்க அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

"அதே கத்தரிக்காயைக் கோமதியும் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறார். உங்கள் ஓமத் தண்ணீரைக் குடித்தது ஒருவர்தான்."

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதைத் துக்க வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குப் பின்னர் சிலர் எடுத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு என் பதில் இந்தக் கட்டுரை.

கதவு சாத்தியதும் கோமதி அவர் விட்டுப்போன கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, நெசமாச் சொல்லுங்க. அவங்க போதும்னாங்க. நான்தான் என் தட்டுல இருந்ததுல பாதியை எடுத்து அவங்களுக்கு வச்சேன். அதனாலதானா?"

இல்லை என்றேன். நெஞ்சு அடைத்ததற்கு அந்தத் தட்டு காரணமில்லை, அடைத்த பிறகு வீணாகப் போன நேரமே நாதனின் உயிரைக் கொண்டுபோனது என்றேன். கோமதியே வண்டியைத் திருப்பச் சொன்னதையும், திருப்பாதவர்கள் யார் என்பதையும் சொன்னேன். ஒரு கணக்கைப் படி படியாகச் சரிபார்ப்பவர் போல அவர் கேட்டுக்கொண்டார். என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அதன்பிறகுதான் அந்த மதியத்தைப் பற்றிப் பேச முன்வந்தார். கடைக்காரப் பெண்மணியிடம், என் மனைவி மீனும் இறைச்சியும் தொடமாட்டாள் என்று நாதன் உடைந்த இத்தாலிய மொழியில் விளக்கினாராம். அந்த அம்மாள் அடுப்பங்கரையிலிருந்து கத்தரிக்காயையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினாராம். "நம்ம எண்ணெய்க் கத்தரிக்காய்தான் அண்ணாச்சி, புளிக்குப் பதிலாத் தக்காளி. நான் நல்லாச் சாப்பிட்டேன். இவங்க சாப்பிடவே இல்ல, என்னையே பாத்துட்டிருந்தாங்க. 'சாப்பிடுங்க, ஆறுது'ன்னேன். 'நீ சாப்பிடு, நான் பாக்கேன்'னாங்க. எனக்கு ஒருமாதிரி ஆயிட்டு. அதான் என் தட்டுல இருந்து எடுத்து வச்சேன்."

வைத்ததை நாதன் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து ஒன்று சொன்னார். அதை எழுதலாமா என்று கோமதியிடம் கேட்டேன். யாரிடமும் இதுவரை சொல்லவில்லை, சொன்னால் அதையும் சேர்த்துக் குற்றம் சொல்வார்களோ என்று பயமாக இருந்தது, இனி பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்.

"முப்பது வருசமா இந்த ஊருக்கு வந்துட்டுப் போறேன் கோமு. இன்னைக்குத்தான் சாப்பிட்டேன்."

மீனா, நீயும் படிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். உன் அப்பாவை உன் அம்மா சாப்பிடவிட்டது தவறல்ல. அவர் வாழ்நாள் முழுக்கப் பசித்திருந்த ஒரு சாப்பாட்டை உன் அம்மா அன்று பரிமாறினார். இன்று அம்மாவை அழைத்துப் பேசு.

நாதனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். கோமதி தம் கணவருடைய கடைசி மதியத்தை எந்த வாக்கியத்தால் நினைவுகொள்ளப் போகிறார் என்பது, அடுத்து அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகும் உங்கள் ஒவ்வொருவர் வாயிலும் இருக்கிறது.